ஐந்து மாணவரும் ஓர் ஆசிரியரும்

படங்களை வரிசையாக அடுக்கி, அவற்றில் தோன்றும் மாந்தரின் பேச்சை அவர்தம் வாயருகே வரைந்த குமிழ்களுக்குள் எழுதிக் கதையை நடத்திச் செல்லும் நூலுக்குப் படக்கதை என்று பெயர். அமெரிக்க நாட்டில் இக்கலை இருபதாம் நூற்றாண்டில் செழித்து வளர்ந்தது. 1938-ஆம் ஆண்டில் சூப்பர்மேன் என்னும் வீரன் அந்நாட்டுப் படக்கதையில் தோன்றினான். அவனைத் தொடர்ந்து, மனித ஆற்றலுக்கு மிஞ்சிய வலிமை படைத்த வீரர் பலர் தோன்றினர். ஒருவன் வானில் பறந்தான். ஒருவன் மின்னலினும் விரைந்து ஓடினான். ஒருவன் இரும்பைக் கரும்பென ஒடித்தான். இவர்களுள் பெரும்பாலோர் முதல் ஏட்டிலேயே முழு வீரராக விளங்கினர். அவர்கள் தம் வலிமையை அடக்கி ஆளும் முறையை எங்கே கற்றனர், அதற்கு எத்துணைக் காலம் உழைத்தனர் என்னும் வினாக்களுக்குக் கதைகளில் மிகுதியும் இடமில்லை.

அவ்வினாக்களையே அடிப்படையாகக் கொண்டு 1963-ஆம் ஆண்டில் ஒரு படக்கதை தோன்றியது. அதன் வீரர் மன்னரும் அல்லர்; மறவரும் அல்லர்; பள்ளி மாணவர். அவர்கள் போர்க்களத்தில் நின்ற நேரத்தைப் போலவே பயிற்சிக் கூடத்தில் நின்ற நேரமும் அக்கதையில் சிறப்பிடம் பெற்றது. எக்ஸ்-மென் என்பது அக்கதையின் பெயர்.

கதை பிறந்த வகை

இக்கதையை எழுதியவர் ஸ்டான் லீ. படம் வரைந்தவர் ஜாக் கிர்பி. லீ 1922-ஆம் ஆண்டிலும் கிர்பி 1917-ஆம் ஆண்டிலும் நியூயார்க் நகரில் பிறந்தவர்கள். இருவரும் பிழைப்புத் தேடி ஐரோப்பாவினின்றும் வந்து குடியேறிய ஏழை யூதக் குடும்பங்களின் மக்கள். இரண்டாம் உலகப் போரில் இருவரும் அமெரிக்கப் படையில் பணிபுரிந்தனர். கிர்பி பிரான்சு நாட்டுப் போர்முனையில் நின்றவர். பிறப்பைக் காரணம் காட்டி ஓர் இனத்தையே அழிக்க முயன்ற கொடுமையைக் கண்டும் கேட்டும் வாழ்ந்த தலைமுறையினர் அவர்கள்.

மார்வெல் பதிப்பகத்தின் வழி அவர்கள் படைத்த எக்ஸ்-மென் முதல் இதழ், 1963 செப்டம்பர் என்னும் திங்கட்குறிப்புடன், 12 சென்று விலையில் வெளிவந்தது. ஒவ்வொரு வீரனும் தன் ஆற்றலை எவ்வாறு பெற்றான் என்று தனித்தனியே காரணம் புனைவது லீக்குச் சலிப்பைத் தந்தது. ‘இவர்கள் பிறக்கும்போதே ஆற்றலுடன் பிறந்தவர்கள்’ என்று கூறிவிட்டால் அத்தொல்லை நீங்கும் என அவர் கருதினார். உயிர்களின் மரபுக்கூறுகளில் சிலபோது மாறுதல் ஏற்படுவதுண்டு. அது தலைமுறைக்குத் தலைமுறை தொடர்வதும் உண்டு. அறிவியலார் கூறும் இவ்வுண்மையைச் சிறு வித்தாகக் கொண்டு, கற்பனையை அவர் பெருமரமாக வளர்த்தார். மாறுதலுற்றுப் பிறந்த அம்மக்களைக் கதை ‘மியூட்டன்ட்’ என்று அழைக்கிறது. தமிழில் மாற்றுப் பிறவியர் எனலாம். அச்சொல்லையே நூலின் பெயராகச் சூட்ட லீ விரும்பினார் என்றும், சிறுவர்க்கு அது விளங்காது எனப் பதிப்பாளர் மறுத்தார் என்றும், பின்னரே எக்ஸ்-மென் என்னும் பெயர் அமைந்தது என்றும் அவரே கூறியுள்ளார்.

சலிப்பைப் போக்கிக்கொள்ளத் தேடிய அவ்வழி, கதைக்கு ஆழ்ந்த பொருளையும் தேடித் தந்தது. மருந்தினாலோ கருவியினாலோ ஆற்றல் பெற்றவன், வேண்டாதபோது அதனை விட்டொழிக்க எண்ணலாம். பிறப்பிலேயே பெற்றவன் அதனை எங்ஙனம் விடுவான்? அது அவன் உடலோடு ஒட்டியது, அவனே அது. ஆதலின், அதனை வெறுப்போர் அவனையே வெறுக்கின்றனர்.

மாளிகையில் ஒரு பள்ளி

நியூயார்க் மாநிலத்து வெஸ்ட்செஸ்டர் பகுதியில் சேவியரின் பள்ளி அமைந்திருப்பதாகக் கதை கூறுகிறது. ஊரார் அறிந்த அளவில் அது கூரிய அறிவுடைய இளைஞர் பயிலும் ஒரு தனியார் பள்ளி, அவ்வளவே. உள்ளேயோ, மாற்றுப் பிறவியரான மாணவர் தம் ஆற்றலை ஆளப் பயில்கின்றனர். பள்ளியை நிறுவி நடத்தும் ஆசிரியர் சார்லஸ் சேவியர். அவரும் மாற்றுப் பிறவியரே. பிறர் எண்ணுவதைத் தம் உள்ளத்தால் அறியவும், தம் எண்ணத்தைத் தொலைவில் உள்ளோர்க்கு உணர்த்தவும் வல்லவர். ஆயின், அவர்தம் கால்கள் செயலற்றவை. சக்கர நாற்காலியில் அமர்ந்தே அவர் பாடம் நடத்துகிறார். உலகிலேயே மிக்க வலிமையுள்ள உள்ளம் ஒன்றை, எழுந்து நடக்கவியலாத ஓர் உடலில் வைத்துக் காட்டியது இக்கதையின் சிறப்புகளுள் ஒன்று. வலிமை என்பது தோளில் மட்டும் உள்ளதன்று என்பதை மாணவர் நாள்தோறும் தம் ஆசிரியரைக் கண்டே அறிந்துகொள்கின்றனர்.

இயல்பான ஆற்றலுக்கு மேற்பட்ட ஆற்றலைக் குறிக்கும் ‘எக்ஸ்ட்ரா’ என்னும் ஆங்கிலச் சொல்லிலிருந்தே தம் மாணவர்க்குப் பெயர் அமைந்ததாக ஆசிரியர் முதல் இதழில் விளக்குகிறார். பள்ளியின் நோக்கம் இரண்டு. புறக்கணிக்கப்பட்ட இளைஞர்க்குப் புகலிடம் தருவது ஒன்று. அவர்தம் ஆற்றலை மக்கள் நலத்துக்குப் பயன்படுத்தக் கற்பிப்பது மற்றொன்று.

ஐவர்

முதல் மாணவன் ஸ்காட் சம்மர்ஸ்; சைக்ளாப்ஸ் என்னும் பெயர் பூண்டவன். அவன் கண்களினின்றும் செந்நிறக் கதிர் பாய்கிறது. சுவரையும் தகர்க்கும் அக்கதிரை நிறுத்த அவனால் இயலாது. இமைகளை மூடியிருக்கும்போதும், செந்நிறப் படிகத்தால் ஆன கண்ணாடியை அணிந்திருக்கும்போதும் மட்டுமே அது அடங்கியிருக்கும். எனவே, அவன் உலகத்தை அக்கண்ணாடி வழியாகவே காண்கிறான். ஒரு கணம் அது நழுவினால் எதிரில் நிற்பவர் உயிருக்கே ஊறு நேரும். இவ்வச்சம் காரணமாக அவன் மிகுதியாகப் பேசுவதில்லை. தான் விரும்பும் பெண்ணிடம் தன் உள்ளத்தைத் திறப்பதுமில்லை. தன்னைத்தானே கணந்தோறும் காத்துக்கொள்ளும் அவ்விளைஞனையே ஆசிரியர் அணித்தலைவனாகத் தேர்ந்தெடுக்கிறார்.

இரண்டாமவன் ஹென்றி மெக்காய். அகன்ற கைகளும் பெரிய பாதங்களும் கொண்டு குரங்கினைப் போலத் தாவவல்ல அவனுக்கு ‘விலங்கு’ எனப் பொருள்படும் பீஸ்ட் என்னும் பெயர் வழங்கிற்று. ஆனால், ஐவருள்ளும் மிகுதியாக நூல் பயில்பவன் அவனே. கால்விரல்களால் நூலைப் பற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்கியவாறு படிப்பான். அரிய சொற்களை அடுக்கிப் பேசுவான். உருவத்தைக் கண்டு ஒருவரை எள்ளுதல் தகாது என்பதற்கு அவன் வாழும் சான்று.

மூன்றாமவன் வாரன் வொர்திங்டன். செல்வர் மகனான அவன் முதுகில் இரு பெரிய வெண்சிறகுகள் உள்ளன. வெளியே செல்லும்போது அவற்றை வாரினால் இறுகக் கட்டிச் சட்டைக்குள் மறைத்துக்கொள்கிறான். வானளாவப் பறக்கவல்ல சிறகுகள், தெருவில் நடக்கும்போது அவனுக்கு வலி தரும் சுமையாகின்றன.

நான்காமவன் பாபி டிரேக். ஐவருள் இளையவன், குறும்பு மிக்கவன். காற்றிலுள்ள ஈரத்தையும் பனிக்கட்டியாக்கும் ஆற்றல் உடையவன். அவன் சிரிப்புக்குப் பின்னும் ஒரு துயரம் இருந்ததை 1968-ஆம் ஆண்டு இதழ்கள் கூறுகின்றன. முரடன் ஒருவன் தன் தோழியைத் தாக்க வந்தபோது, அவளைக் காக்க வேறு வழியின்றி அவன் அம்முரடனைப் பனியில் உறைய வைத்தான். செய்தி பரவியதும் ஊரார் கும்பலாகத் திரண்டு அவனைத் தாக்க வந்தனர். அவனைக் காப்பாற்றக் காவல் அதிகாரி அவனைச் சிறையில் அடைக்க நேர்ந்தது. குற்றம் செய்தோரை அடைக்கும் சிறை, குற்றமற்ற சிறுவனுக்குப் புகலிடமாயிற்று.

ஐந்தாமவள் ஜீன் கிரே. எண்ணத்தாலேயே பொருள்களை அசைக்கவும் தூக்கவும் வல்லவள். அவள் பள்ளியில் சேரும் நாளிலேயே முதல் இதழின் கதை நடைபெறுகிறது. புதியவளைக் கேலி செய்து வரம்பு மீற முயன்ற மாணவனை அவள் தன் ஆற்றலால் மேலே தூக்கிச் சுழற்றிப் பாடம் கற்பிக்கிறாள்.

அபாய அறை

பள்ளியின் பயிற்சிக் கூடத்துக்கு அபாய அறை என்று பெயர். திடீரென விரியும் தரை, பாய்ந்து வரும் எஃகுக் கரங்கள், நெருங்கி வரும் சுவர்கள் முதலிய பொறிகள் அதில் நிறைந்துள்ளன. அவரவர் குறைக்கேற்ற பயிற்சியை ஆசிரியர் அமைக்கிறார். வலிமை மிக்கவனுக்கு மென்மையாகச் செய்யும் வேலை தரப்படும். விரைவு மிக்கவனுக்குப் பொறுத்துச் செய்யும் வேலை தரப்படும். கதிரைச் சிதறவிடாமல் நுனியாகக் குவிக்க ஸ்காட் பயில்வான். எடை மிக்க பொருளைத் தூக்குவதினும், நுண்ணிய பொருளைப் பிசகாது நகர்த்த ஜீன் பயில்வாள்.

இப்பயிற்சியின் பொருள் எண்ணத்தக்கது. ஆற்றலை வளர்ப்பது மட்டும் கல்வியாகாது. வேண்டும்போது வெளிப்படுத்தவும் வேண்டாதபோது அடக்கவும் அறிவதே கல்வி. கரையுள்ள ஆறு வயலை வளர்க்கும். கரை உடைந்த ஆறு ஊரை அழிக்கும். நீர் ஒன்றே, வேறுபாடு கரையில் உள்ளது. அபாய அறை என்பது அம்மாணவர் தம் ஆற்றலுக்குத் தாமே கரை கட்டிக்கொள்ளும் இடம்.

அவர்கள் ஒருவரையொருவர் நம்பவும் அங்கே கற்றனர். தனித்து நின்று ஒவ்வொருவனும் தோற்கும் ஆட்டத்தை, ஐவரும் சேர்ந்து வெல்வர். ஒருவன் பனிச்சுவர் எழுப்ப, ஒருவன் அதன்மீது தாவ, ஒருவன் மேலே பறந்து வழி காட்ட, அவ்வெற்றி அமையும்.

மாற்று வழி காட்டியவன்

ஐவரின் முதற்பகைவன் மாக்னெட்டோ. இரும்பையும் பிற உலோகங்களையும் காந்த வலியால் ஆட்டிவைப்பவன். அவனும் மாற்றுப் பிறவியனே. ‘ஆற்றல் மிக்க நாம், ஆற்றல் குறைந்த மனிதர்க்கு ஏன் அஞ்சி வாழ வேண்டும்? அவர்களை அடக்கி ஆள்வோம்’ என்பது அவன் கொள்கை. முதல் இதழில் அவன் இராணுவ ஏவுகணைத் தளம் ஒன்றைக் கைப்பற்றுகிறான். படைவீரரால் அவனை நெருங்க இயலவில்லை. முதன்முறையாகக் களம் புகுந்த ஐந்து மாணவரும் அவனைத் துரத்திவிட்டுத் தளத்தைப் படையினரிடமே ஒப்படைக்கின்றனர். கைப்பற்றிய தளத்தைத் திருப்பித் தந்த அச்செயலில் இருவகை ஆற்றலின் வேறுபாடும் விளங்குகிறது.

ஆயினும், மாக்னெட்டோவைப் பின்பற்றியோர் அனைவரும் தீயோர் அல்லர். வாண்டா, பியத்ரோ என்னும் உடன்பிறந்தார் இருவர் அவன் அணியில் இருந்தனர். தன் ஆற்றலை அறியாது ஒரு வீட்டுக்குத் தீங்கு விளைத்துவிட்ட வாண்டாவை ஊரார் சூழ்ந்துகொண்டபோது, காத்தவன் மாக்னெட்டோ. அந்நன்றிக்காகவே அவர்கள் அவனுடன் தங்கினர். 1965-ஆம் ஆண்டில் அவனை விட்டு விலகி நல்வழி சேர்ந்தனர். இதனால் ஓர் உண்மை புலனாகிறது. துன்புற்ற இளைஞனை நல்லோர் ஏற்காவிடில், தீயோர் ஏற்றுக்கொள்வர். அவன் எவர் கதவைத் தட்டுகிறான் என்பது, எவர் கதவு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. சேவியரின் பள்ளி அத்தகைய திறந்த கதவு.

காத்தவனைத் தாக்கிய கூட்டம்

1964 நவம்பர் இதழில் வரும் நிகழ்ச்சி ஒன்று சிறப்பாக அறியத்தக்கது. உயரமான நீர்த்தொட்டி ஒன்றின்மீது ஏறிய சிறுவன் இறங்க வழியின்றித் தவிக்கிறான். அவ்வழியே சென்ற மெக்காய், தன் ஆற்றலை மறைக்க வேண்டும் என்பதையும் மறந்து, சுவரில் தாவி ஏறிச் சிறுவனைக் காத்துக் கீழே கொணர்கிறான். கூடியிருந்தோர் நன்றி கூறினரா? இல்லை. இயல்பான மனிதனால் இவ்வாறு ஏற முடியாது. எனவே இவன் மாற்றுப் பிறவியன் என்று கூவி அவனை விரட்டித் தாக்குகின்றனர். அவன் உடை கிழிகிறது. மனம் கசந்த மெக்காய், இம்மக்களுக்காக உழைப்பதில் பயனில்லை என்று கூறிப் பள்ளியை விட்டு வெளியேறி மற்போர் வீரனாகிறான்.

அங்கே அவன் எதிர்கொண்டவன் உனஸ் என்பவன். அவனை யாராலும் தொட இயலாது. அவனைச் சுற்றிக் கண்ணுக்குப் புலப்படாத ஒரு தடை உள்ளது. அவ்வலிமையைப் பொன்னுக்கும் புகழுக்கும் பயன்படுத்திய அவன், மாக்னெட்டோவின் அணியில் சேர விரும்பினான். மெக்காய் அவனை வென்ற முறை புதுமையானது. உனஸின் ஆற்றலைக் குறைக்க அவன் முயலவில்லை. அதனை மிகுவிக்கும் கருவி ஒன்றைச் செய்தான். ஆற்றல் வரம்பு மீறிப் பெருகவே, உனஸால் எப்பொருளையும் தொட முடியாமற் போயிற்று. உண்பதற்கு எடுத்த உணவும் அவன் கையை விட்டு விலகி ஓடியது. பசியால் வாடிய அவன், தீய வழியை விட்டுவிடுவதாக வாக்களித்த பின்னரே பழைய நிலை பெற்றான்.

அடக்கமில்லாத ஆற்றல், அதனை உடையவனையே பட்டினி போடும் என்பதை இதனினும் எளிமையாகக் கூறுவது அரிது. மெக்காயும் பள்ளிக்குத் திரும்பினான். அவனைத் தாக்கிய மக்கள் மனம் மாறிவிட்டனர் என்று கதை கூறவில்லை. அவர்கள் மாறாதபோதும் தன் கடமை மாறாது என்று அவன் தெளிந்தான். நன்றி கிடைக்கும் என்னும் உறுதி இருந்தால் எவரும் நன்மை செய்வர். அது கிடைக்காதபோதும் செய்வதே அறம்.

அச்சம் படைத்த பொறிகள்

மாணவர்க்குச் சொன்ன பாடத்தைக் கதை பெரியோர்க்கும் சொல்லத் தவறவில்லை. 1965 நவம்பர் இதழில் பொலிவர் டிராஸ்க் என்னும் அறிஞர் தோன்றுகிறார். மாற்றுப் பிறவியர் மனித குலத்தை அடிமைப்படுத்துவர் என்று அவர் அஞ்சுகிறார். அவ்வச்சத்தை நாட்டில் பரப்புகிறார். சேவியர் தொலைக்காட்சியில் தோன்றி அவருடன் வாதிடுகிறார். அப்போது டிராஸ்க், மாற்றுப் பிறவியரை வேட்டையாடத் தாம் செய்த சென்டினல் என்னும் பேருருவப் பொறிகளை அவையில் காட்டுகிறார். மனிதரைக் காக்கவேண்டும் என்பது பொறிகளுக்கு அவர் இட்ட கட்டளை. மனிதரைக் காக்கவேண்டுமாயின் அவர்களை ஆளவேண்டும் என்று பொறிகள் முடிவு செய்கின்றன, படைத்தவரையே சிறைப்பிடிக்கின்றன.

சிறைப்பட்ட மெக்காயின் உள்ளத்தைக் கருவியால் ஆராய்ந்தபோது, தாம் பகைவராகக் கருதிய இளைஞர் மனிதரைக் காக்க உறுதி பூண்டோர் என்பதை டிராஸ்க் அறிகிறார். எவரைக் கண்டு அஞ்சினாரோ அவர் நண்பர். எவற்றைத் துணையென நம்பினாரோ அவை பகை. இறுதியில் தம் உயிரைக் கொடுத்துப் பொறிகளின் கோட்டையை அவர் அழிக்கிறார். ஆற்றலை அடக்கத் தெரியாத இளைஞனால் ஒரு வீட்டுக்குக் கேடு வரலாம். அச்சத்தை அடக்கத் தெரியாத அறிஞரால் உலகுக்கே கேடு வரும் என்பது இக்கதையின் கருத்து.

காலத்தின் சாயல்

முதல் இதழ் வெளிவந்த 1963-ஆம் ஆண்டு, அமெரிக்க வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள், கறுப்பின மக்களின் உரிமை வேண்டி ஏறத்தாழ 2,50,000 பேர் வாஷிங்டன் நகரில் கூடினர். மார்ட்டின் லூதர் கிங் அக்கூட்டத்தில் உரையாற்றினார். பிறப்பினால் ஒருவர் தாழ்ந்தவராகார் என்னும் குரல் எங்கும் எழுந்த காலம் அது. எனவே, பிறப்பினால் வெறுக்கப்பட்ட மாணவரின் கதையைப் படித்த பலர், அதில் தம் நாட்டின் நிலையைக் கண்டனர்.

எனினும், தொடக்கக் காலக் கதைகளுக்கு ஒரு குறை இருந்தது. வேற்றுமையைப் பற்றிப் பேசிய கதையில், ஐந்து மாணவரும் வெள்ளை இனத்தவர், ஒருத்தியே பெண். விற்பனையும் குறைந்தது. லீ 19 இதழ்களுடன் எழுதுவதை நிறுத்தினார், பிறர் தொடர்ந்தனர், 1970-ஆம் ஆண்டில் 66-ஆம் இதழுடன் புதிய கதைகள் நின்றன. ஐந்தாண்டுகள் பழைய கதைகளே மறுபடியும் அச்சிடப்பட்டன.

1975-ஆம் ஆண்டில் லென் வீன் என்னும் எழுத்தாளரும் டேவ் காக்ரம் என்னும் ஓவியரும் பள்ளியின் கதவை அகலத் திறந்தனர். கென்யாவிலிருந்து ஒருத்தியும், ஜெர்மனி, சோவியத்து நாடு, ஜப்பான், அயர்லாந்து, கனடா ஆகிய நாடுகளிலிருந்து ஒவ்வொருவரும், அமெரிக்கப் பழங்குடியினருள் ஒருவனும் வந்து சேர்ந்தனர். அவ்வாண்டு முதல் 1991 வரை கிறிஸ் கிளேர்மான்ட் கதையை எழுதினார். மங்கியிருந்த விளக்கு மீண்டும் சுடர்விட்டது. 1991-இல் புதிதாகத் தொடங்கிய எக்ஸ்-மென் வரிசையின் முதல் இதழ் 80 இலட்சம் படிகளுக்கு மேல் விற்றது.

புதிய மாணவர்

முதல் மாணவர் வளர்ந்துவிட்டனர். பள்ளிக்கு மீண்டும் மாணவர் வேண்டுமே! 1982-ஆம் ஆண்டில் கிளேர்மான்டும் பாப் மெக்லியாட் என்னும் ஓவியரும் ஐவர் கொண்ட புதிய அணியைப் படைத்தனர். வியட்நாமில் பிறந்து, தன் தம்பி தங்கையைக் காக்கும் பொறுப்பைச் சுமந்த ஒருத்தி. கென்டக்கி மாநிலத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். ஸ்காட்லாந்து நாட்டு ஊராரால் விரட்டப்பட்ட சிறுமி. பந்தாட்டக் களத்தில் நிறத்தின் பெயரால் இழிவுபடுத்தப்பட்ட பிரேசில் நாட்டுச் சிறுவன். ஷையென் என்னும் பழங்குடியைச் சார்ந்த டேனியல் மூன்ஸ்டார் என்பாள் ஆகியோர் அவ்வைவர்.

டேனியலின் ஆற்றல் வியப்பானது. எதிரில் நிற்பவரின் உள்ளத்தில் ஆழப் புதைந்துள்ள அச்சத்தை அவள் உருவமாக்கி எல்லார் கண்முன்னும் நிறுத்திவிடுவாள். அவள் விரும்பாதபோதும் அது நிகழ்ந்தது. நண்பர் நாணித் தலைகுனிந்தனர். பிறர் மறைத்து வைத்த வேதனையை வெளியிடாமல் காப்பதே அவள் கற்கவேண்டிய முதற்பாடமாயிற்று. கண்ணில் கதிரோ, முதுகில் சிறகோ இல்லாத மாணவர்க்கும் டேனியலின் ஆற்றல் ஓரளவு உண்டு. தோழன் எதற்கு அஞ்சுகிறான், எதற்கு நாணுகிறான் என்பதை உடன் பயில்வோர் அறிவர். அறிந்ததை வைத்து அவனைக் காக்கவும் கூடும், புண்படுத்தவும் கூடும்.

புண்படுத்துதலின் விளைவை 1986-ஆம் ஆண்டு வந்த கதை ஒன்று உருக்கமாகக் காட்டுகிறது. அண்டைப் பள்ளி மாணவன் லாரி, ஒளியைக் கொண்டு அழகிய உருவங்கள் அமைக்கவல்லவன். தான் மாற்றுப் பிறவியன் என்பதை எவர்க்கும் கூறாது மறைத்து வாழ்ந்தான். உடன் பயின்ற சிலர், உண்மை அறியாமலே, அவனை மாற்றுப் பிறவியன் என்று பழித்து, பிடித்துக் கொடுப்போம் என்று விளையாட்டாக அச்சுறுத்தினர். அவர்க்கு அது வெறும் வேடிக்கை, அவனுக்கோ உயிரச்சம். அவ்வச்சத்தைத் தனியே சுமந்து வாடிய அவன் மாண்டுபோனான். அவனைப் போன்ற மாணவர் பலர் அடுத்த பள்ளியிலேயே இருந்தனர். அதனை அவன் அறியவில்லை. ஒருவரிடமேனும் வாய்திறந்து சொல்லியிருந்தால் துணை கிடைத்திருக்கும். ‘விளையாட்டாகத்தான் செய்தோம்’ என்று வருந்தியோரின் சொல் அவனை மீட்கவில்லை. அவன் நினைவுக் கூட்டத்தில் சேவியரின் மாணவி கிட்டி பிரைட் எழுந்து, மனிதர்க்குப் பட்டப்பெயர் சூட்டி அழைக்கும் வழக்கத்தின் கொடுமையை எடுத்துரைக்கிறாள். இக்கதையில் பகைவன் எவனும் இல்லை, போரும் இல்லை. ஆயினும், எக்ஸ்-மென் வரிசைக் கதைகளுள் படிப்போர் மனத்தை விட்டு அகலாத கதைகளில் இதுவும் ஒன்று.

கதை தரும் கருத்து

சுவரைத் தகர்க்கும் கதிரும், வானில் எழும் சிறகும் கற்பனையே. அவற்றை உடையோர் உலகில் இல்லை. ஆனால், ஒவ்வொரு மாணவனிடமும் ஏதேனும் ஓர் ஆற்றல் உண்டு. ஒருவனுக்கு உடல் வலிமை, ஒருத்திக்கு நாவன்மை, ஒருவனுக்குக் கணக்கில் கூர்மை, ஒருத்திக்குப் பலரை ஈர்க்கும் இனிமை. வலிமை எளியோனை அடிக்கவும் உதவும், தாங்கவும் உதவும். நாவன்மை புண்ணாக்கவும் வல்லது, புண்ணை ஆற்றவும் வல்லது. எதற்குப் பயன்படுகிறது என்பதை ஆற்றல் தீர்மானிப்பதில்லை; ஆற்றலை உடையவரே தீர்மானிக்கின்றனர்.

இதனைச் சேவியர் தம் மாணவர்க்கு நாள்தோறும் உணர்த்தினார். உலகம் நம்மை வெறுக்கிறது என்று அவர்கள் வருந்தியபோது, அவ்வெறுப்பு பொய் என்று அவர் மறைக்கவில்லை. பதிலுக்கு வெறுக்கவும் கற்பிக்கவில்லை. மறுநாட் காலையில் பயிற்சிக்கு வருமாறு கூறினார். மாணவரும் வந்தனர். செந்நிறக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஸ்காட் முன்னே நின்றான். ஏனையோர் அவனைச் சூழ்ந்து நின்றனர். அபாய அறையின் கதவு திறந்தது.